கட்டாமல் கூட்டிப்போகிறேன்

அண்ணி,

டிங்சர் நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் கண்முன் வந்துவிட்டது. இன்று காலை திண்டிவனத்தில் டாக்டர் என் புருவத்தில் தையல் போட்டார். "யாரும்மா அடிச்சது?" என்று கேட்டார். பட்டது அண்ணன் வீசிய செம்பு.

ரோட்டில் லாரி மோதி மண்டை உடைந்து பிழைத்தவர், பழைய அண்ணனாகத் திரும்பவில்லை. கூழ் ஊட்டும்போதே உங்கள் விரலைக் கடிப்பார். ஒருநாள் உங்கள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். சுண்ணாம்பில் ரத்தம் வழிந்தது. அப்பா அம்மா இல்லாத நம் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அன்றே அண்ணனை மாட்டுச் சங்கிலியால் கொட்டகைத் தூணில் பூட்டினார். இழுத்து இழுத்துக் கணுக்காலில் எலும்பு தெரிந்தது. ஈ மொய்த்தது. சாவி கேட்ட உங்களைப் பெரியப்பா கீழே தள்ளினார்.

"பேஜாரு பண்ணாத. உன் உசுரத்தான் காப்பாத்திக்கினு இருக்கேன்."

விழுப்புரம் கோர்ட்டுக்கு என்னைக் கூட்டிப்போனீர்கள், பி.ஏ. படித்தவள் பேசுவாள் என்று. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உங்கள் கிழிந்த உதட்டைப் பார்த்த மாஜிஸ்திரேட், "புருஷன் மேல புகாரா?" என்றார்.

"அடிச்சது அவருதாங்க. அதுக்கு வரலீங்க. அவர மாடாட்டம் கட்டி வச்சிருக்காங்க. அதுக்கு வந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. பெரியப்பாவை வரவழைத்து, புத்தி கலங்கியவரைக் கொடுமை செய்யும் சொந்தக்காரருக்கு ஜெயில் உண்டு என்றார். பிறகு உங்களிடம், "மனு குடுத்தா மனநல ஆஸ்பத்திரியில சேர்க்கலாம். மனைவிக்கு அந்த உரிமை இருக்கு," என்றார்.

"வேணாங்க. நானே பாத்துக்கறேன்."

சங்கிலி அவிழ்ந்த அன்றே அண்ணன் உங்களை அறைந்தார். "போ, இன்னொரு கேஸ் போடு!" என்று வேலியோரம் நின்று சிரித்தார் பெரியப்பா. நீங்கள் என்னிடம், "அடிக்கிற கை அவருதில்ல பாப்பா. அந்தப் புண்ணுக் காலுதான் அவருது. தண்ணியும் டிங்சரும் எடுத்துக்கினு வா," என்றீர்கள்.

மஞ்சள் காமாலையில் நீங்கள் போன பிறகு அவருக்கு நான்தான். கடித்த இடங்கள் என் கையிலும் இருக்கின்றன. போன வாரம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. இன்று தையலோடு வீடு திரும்பினால், வாசலில் பெரியப்பா சங்கிலியோடு நிற்கிறார்.

"கட்டிட்டு ஜல்தி வேலைக்குப் போய்ச் சேரு. ஒண்டிப் பொண்ணு என்ன பண்ணுவ?"

"கட்டினீங்கன்னா உங்க மேல நானே மனு குடுப்பேன், பெரியப்பா."

என் குரல்தான். எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

நாளை விழுப்புரம் போகிறேன், அண்ணி. மனைவி இல்லாத இடத்தில் தங்கையாக, ஆஸ்பத்திரியில் சேர்க்க மனு கொடுக்கப்போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றதைத்தான் கேட்கப்போகிறேன். முடியவில்லை என்று சொல்லவும் பார்த்துக்கொள்கிறவளுக்கு உரிமை இருக்கிறது. உங்களிடம் இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். தவறாமல் போய்ப் பார்ப்பேன் என்று எழுதித் தரச் சொல்வார்கள். எழுதிக் கொடுப்பேன்.

பஸ்ஸில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொள்வேன். அடிப்பார். விடமாட்டேன்.