போனில் இன்னும் பிடிபடாத செல்வி

ஞாயிறு, இரவு

எதிர்வீட்டுச் செல்வியின் கபடி இறுதி ஆட்டத்தைப் பார்க்க அவள் அம்மா, எனக்கு அத்தை முறை, எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஜெயிச்சா காலேஜ், தோத்தா உன்ற சிநேகிதியோட மில்லுக்குப் போ" என்று செல்வியின் அப்பா சொல்லியிருந்தார். அந்தச் சிநேகிதி நான்தான்.

"பெருசாப் பாத்தா நெஞ்சு படபடங்குது அம்மணி, எனக்குப் போன்லயே காட்டு" என்று அத்தை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். போனில் ஆட்டம் டிவியைவிடச் சற்றுப் பின்னால் வந்தது. இரண்டு சத்தமும் முட்டிக்கொண்டதால் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

செல்வியின் அணிக்கு ஒரு புள்ளி குறைவு. கடைசியாகப் பாடிப் போனவள் செல்வி. டிவியில் நாலு பேர் அவளை அமுக்கிவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது. போனில் அவள் அப்போதுதான் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள்.

"டிவில என்ன கண்ணு ஆச்சு? பேசவே மாட்டேங்கறே?"

"நீங்க போனையே பாருங்க அத்தை."

"போறா பாரு! எஞ்சாமி, போறா பாரு!" அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தச் சின்னத் திரையில் செல்வி மிதப்பதுபோல் போனாள். யாரும் அவளை இன்னும் தொடவில்லை. முடிவு தெரிந்திருந்தும், இந்தத் தடவை தப்பிவிடுவாள் என்று நான் நம்பினேன்.

போனிலும் அவளை அமுக்கியதும் அத்தை போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தூக்கம் வருகிறது. கண்ணுக்குள் செல்வி மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போகிறாள். அவள் ஊர் திரும்பியதும் மில் வேனில் பக்கத்து சீட்டை அவளுக்குப் பிடித்து வைக்க எனக்கு மனமே வரவில்லை.