பின்வரிசைப் பெண்ணை யார் பார்த்தது?

என் அன்பு மதினிக்கு,

நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லப் பாளையம்பட்டிக்கு ஓடி வந்திருப்பேன். நம் பூப்பந்துப் பத்திரிகையில் இனி மாதாமாதம் என் கட்டுரை வரும். எப்போதாவது ஒன்று போட்டுக்கொண்டிருந்தவர்கள், தொடர்ந்து எழுத முடியுமா என்று கேட்டார்கள்.

உடனே சரி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாளும் பார்த்தது நீங்கள், எழுதியது மட்டும்தானே நான்? கல்லூரி அணியில் ஆடிய உங்கள் கண் எனக்கு ஏது? கூட்டமே பந்தின் பின்னால் தலையைத் திருப்பும்போது நீங்கள் மட்டும் வேறெங்கோ பார்ப்பீர்கள். "ஏத்தா செல்வி, பந்தத்தான் எல்லாரும் பாக்காகளே. பந்து இல்லாத புள்ள என்ன செய்யுதுன்னு பாரு" என்று என் தொடையில் கிள்ளுவீர்கள். அந்தக் கிள்ளுக்குப் பயந்தே நன்றாக எழுதினேன்.

நீங்கள் போன பிறகு நான் பார்க்கப்போன முதல் ஆட்டம் பந்தல்குடியில், பெண்கள் போட்டி. காற்றில் பந்து அலைந்தது, என் கண்ணும் அதோடே அலைந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு மனசு கேட்காமல், நீங்கள் வழக்கமாக உட்காருவதுபோலப் பின்வரிசை ஆட்டக்காரிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

அங்கே ஒரு பெண். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் அவள் மட்டையில் பந்து படவே இல்லை. ஆனால் எதிரணி அடிக்க மட்டையை ஓங்கும்போதெல்லாம் காலியாகக் கிடந்த மூலைக்கு முன்கூட்டியே போய் நின்றாள். அவர்களும் வேறு வழியில்லாமல் நடு ஆட்டக்காரியிடமே அடித்தார்கள். அவள் திருப்பி அடித்து ஜெயித்தாள், கைதட்டலும் அவளுக்குத்தான். நான் மூலையில் நின்றவளைப் பற்றி எழுதினேன்.

இதழ் வந்ததிலிருந்து அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சேலை எடுக்கத் தன் கடைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டுகிறார். பாவம், அவுகளும் தலையாட்டிக் கேட்கிறார்கள்.

மூலையில் நின்ற அந்தப் பெண்ணும் போனில் கூப்பிட்டாள். "அக்கா, நான் பந்தையே தொடலையே. என்னையப் போயி யாருக்கா பாத்தா?"

"எங்க மதினி" என்றேன்.

அன்றைக்கே பத்திரிகைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். எந்த ஊர் மைதானமானாலும் பின்வரிசைக்குப் பின்னால்தான் இனி உட்காருவேன். பக்கத்தில் உங்களுக்கும் இடம் போட்டு வைப்பேன், மதினி.

உங்கள் கிள்ளுக்கு ஏங்கும் நாத்தனார்,
செல்வி