ஓட்டு உனக்கு, வேலி எங்களுக்கு

அன்புள்ள அக்கா,

இதை யாரிடமும் காட்டாதே, அத்தானிடம்கூட. படித்ததும் கிழித்துவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம் என்று தொடங்கித்தான் இந்தக் கைக்குப் பழக்கம். சுகமாகத்தான் இருந்தோம், இன்று மத்தியானம் வரை.

அப்பா சொல்லச் சொல்ல உனக்கு எழுதுவது நான்தான் என்று உனக்குத் தெரியும். உன் புது நாட்டுக்காரர்கள் இங்கே வைத்திருக்கும் கடற்படைத் தளத்துப் பட்டறையில் இருபது வருடம் அதிரும் இயந்திரத்தைப் பிடித்துக் கப்பல் துருவைத் தட்டியதில் அவர் கை நடுங்குகிறது. பேனா நிற்பதில்லை, அவர் கதவைத் தட்டினால் ஒரு தட்டு நாலு தட்டாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கண்ணை மூடிக்கொண்டு, "என் கண்ணே, ராத்திரி கம்பளி போர்த்திக்கிட்டுத் தூங்குடா" என்று ஆரம்பிப்பார். மூன்று வருடமாக வாரம் தவறாமல் 'என் கண்ணே' என்று என் கையால் உனக்கு எழுதுகிறேன். எனக்குக் கிடைப்பது, "ஏய் பொடிசு, எழுத்து ஏன் இப்படிக் கோணுது?" நீ உன் புது நாட்டில் முதல் ஓட்டுப் போட்டுவிட்டு, சிவப்புக் கோட்டுடன் வாசலில் நின்று அனுப்பிய படத்தை அப்பா அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறார். தலை வாரும்போது எனக்கு என் பாதி முகம்தான் தெரிகிறது, மீதி நீ. பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வாரம் வரலாறு டீச்சர் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். மக்கள் ஓட்டுப் போட்டு ஆளும் நாடு பேரரசாகவும் இருக்க முடியுமா என்று. பின் பெஞ்சு வாயாடி எழுந்து, "ராஜாவே இல்லாம பேரரசா? அப்ப கிரீடத்த யாரு டீச்சர் போட்டுக்குவாங்க?" என்றாள், வகுப்பே சிரித்தது. நான் முடியும் என்று எழுதினேன். நம் தெருவைத்தான் எழுதினேன். தளத்து வேலி தெருவின் குறுக்கே வந்ததிலிருந்து ஐந்து நிமிடப் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் சுற்றிப் போகிறேன். ஊரே கையெழுத்துப் போட்டு மனு அனுப்பியது. பளபளப்பான தாளில் பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக. எங்கள் கோரிக்கையை உன் நாட்டு நாடாளுமன்றம் முழுதாக விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தி, வேலி இருக்கட்டும் என்று முடிவு செய்ததாம். ரொட்டிக்கடைக்காரர், "பாத்தீங்களா, நம்ம தெருவுக்கு அங்க எலெக்‌ஷனே நடந்திருக்கு. நமக்குத்தான் சொல்லல" என்றார். அவர்கள் பொய் சொல்லவில்லை அக்கா, கைகளைச் சரியாகத்தான் எண்ணியிருப்பார்கள். அதில் எங்கள் தெருக் கை ஒன்றுகூட இல்லை, அவ்வளவுதான். ஒரு ராஜா என்றால் அவனைத் திட்டலாம். இங்கே கோடிப் பேர் ஆளுக்கொரு ஓட்டுச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள், யாரைத் திட்டுவது? அதில் ஒருத்தி என் அக்கா என்றும் எழுதினேன். கோபத்தில் எழுதியதுதான், ஆனால் பொய் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பா ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் மெல்லச் சொன்னதையும் சேர்த்துவிட்டேன். திரும்பி வந்த கப்பலில் பீரங்கி வாயெல்லாம் கரி, அதைத் தேய்த்து எடுக்கத்தான் அவரை உள்ளே விட்டார்களாம். "சண்டையே இல்லைன்னு பேப்பர்ல போடறான், இந்தக் கரி எங்கேருந்து வந்துச்சு?" என்றார். உள்ளே பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது எனக்கும் தெரியும்.

ஞாயிறு மாலை உனக்கான கடிதத்தையும் கட்டுரையையும் ஒரே மாதிரி மடித்து, இரண்டு பழுப்பு உறைகளில் தாள் மாற்றிப் போட்டுவிட்டேன். இன்று மத்தியானம் டீச்சர் உறையைப் பிரித்து, "என்னடி இது, என்னைக் கண்ணேங்கற, கம்பளி போர்த்திக்கச் சொல்ற?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கட்டுரை எங்கே போயிருக்கும் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கட்டுரை திங்கட்கிழமையே அப்பாவின் சட்டைப்பையில் தளத்துக்குப் போய்விட்டது. சீக்கிரம் உனக்குக் கிடைக்கும் என்று அங்கேயுள்ள தபால் ஜன்னலில்தான் அவர் கொடுப்பார். எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்து ஒட்டும் தணிக்கைக்காரர், நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுகிறவர், அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், நம் ஊர்க்காரர், நம் எழுத்துப் படிப்பவர். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ராத்திரி சாப்பிடும்போது, "பெரியவளுக்கு இந்நேரம் கடிதம் கிடைச்சிருக்கும்ல?" என்று சிரித்தபடி கேட்டார். ஆமாம் என்றேன்.

இந்தக் கடிதத்தை டீச்சர் ஊர்த் தபாலில் போடுவார். உன் பகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருப்பாரே, உன் ஓட்டு வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கை குலுக்கினார் என்று எழுதியிருந்தாயே, அவரிடம் போ. எழுதியது பள்ளிக்கூடத்துப் பெண், அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். நான் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நீ சொன்னால் கேட்டுத்தான் ஆக வேண்டும். எந்தச் சீட்டைப் பார்த்து வயிறெரிந்தேனோ அதையே உன்னிடம் கேட்டு நிற்கிறேன். சிரித்துக்கொள், ஆனால் போ. மறந்துவிடாதே.

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா எப்போதும் கடைசியில் சொல்வதை இந்த முறை நானே சொல்கிறேன், என் கண்ணே, நீ நன்றாக

வாசல் கதவைத் தட்டுகிறார்கள். அப்பா உள்ளேதான் தூங்குகிறார். ஒரே ஒரு தட்டு, நடுங்காத கை