போர்வைக்கடியில் கை கொடுத்த மாமிக்கு

மாமி,

உங்கள் நாற்காலியை இன்று காலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தினேன். அதன் கால்களுக்கு அடியில் வைத்து அடித்த மரக்கட்டைகளில் இன்னும் சுக்கு மணக்கிறது. நம் சுக்குக் கடைப் பெட்டிப் பலகையை அறுத்துச் செய்தவை அல்லவா. சும்மா ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் தரையைத் தொடவில்லை. வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளைக்கு இந்த வீட்டில் எங்கேதான் கால் ஊன்றியது என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். நீங்கள் இல்லாத குறை தெரியாமல் உங்கள் மகள் சபீரா கேட்டாள்.

நீங்கள் விழுந்த கதை கொச்சி மட்டாஞ்சேரியில் இரண்டு விதமாக உலவியது. தொழுகைக்கு எழுந்தபோது தலை சுற்றியது என்பது சொந்தக்காரர்களுக்கு நாங்கள் சொன்னது. எதிர்வீட்டுக் கொங்கணி அக்காவுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்து இறங்க, அதற்கு எத்தனை கதவு என்று பார்க்க நீங்கள் முக்காலியில் ஏறி ஜன்னலில் எட்டினீர்கள் என்பது நடந்தது. ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டரம்மாவிடம் நான் முதல் கதையை உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரெச்சரில் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த நீங்கள் திருத்தினீர்கள்.

"பொய் சொல்லாதீங்க மாப்ளே. ரெண்டு கதவு ஃப்ரிட்ஜ்."

டாக்டர் ஒரு கையைக் குழித்து, இன்னொரு கையின் முஷ்டியை அதில் வைத்துக் காட்டினார். தொடையெலும்பின் உருண்டை இடுப்பில் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் பக்கவாட்டில் விழுந்ததில் அந்தக் கிண்ணம் உடைந்து, உருண்டை உள்ளே இறங்கிவிட்டது. எதையும் மறைக்கவில்லை அவர். படுக்கையிலேயே விட்டால் எலும்பு கூடலாம், ஆனால் அதற்குள் சளி கட்டும், முதுகு புண்ணாகும், காலில் ரத்தம் உறையும். தகடும் திருகாணியும் மட்டும் போட்டால், உங்கள் எலும்பு இருக்கும் மெலிவுக்கு வாரக்கணக்கில் கால் ஊன்றக் கூடாது. அப்புறம் கிண்ணம் கைவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். உடைந்த கிண்ணத்தைத் தகடு வைத்து நிறுத்தி, அதே ஆபரேஷனில் செயற்கை மூட்டும் வைப்பது மூன்றாவது வழி. பெரிய ஆபரேஷன். ரத்தம் போகும், இதயம் தாங்க வேண்டும். தாங்கினால் சீக்கிரம் நிற்கலாம்.

மச்சான் வளைகுடாவிலிருந்து போனில் இருந்தார். அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கத்தி வேண்டாம், கட்டிலிலேயே கெடக்கட்டும், ராப்பகலாக நர்ஸ் வைக்கிறேன் என்றார். பாசம்தான். பார்க்க வந்த உறவினர்களும் ஆரஞ்சுப் பழங்களோடு அதே கருத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒருவர் எண்ணெய் தடவி உருவினால் போதும் என்றார். இந்தக் குடும்பத்தின் ஆலோசனைகளில் எனக்கும் வீட்டுப் பூனைக்கும் ஒரே ஓட்டுரிமை.

நீங்கள் போனைப் பார்த்துச் சொன்னீர்கள்: "மழக்காலத்துல சுக்கைக் கெடத்திப் போட்டா என்னடா ஆவும்? பூசணம் பூத்துப் போவும். நான் கெடக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, போர்வைக்கடியில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

பஜாரில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது அந்தச் சின்னப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? மாமா போன பிறகு கடையை நீங்கள் எடுத்தபோது, அந்நிய ஆண்களின் கையைப் பிடிக்க முடியாது என்று நீங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு நான். என் ஒரு கை உங்கள் முந்தானைக்கடியில், மறு கை தரகரின் துண்டுக்கடியில். நீங்கள் அழுத்திய விரலை அப்படியே அந்தப் பக்கம் அழுத்துவேன். நடுவில் நான் வெறும் மின்கம்பி. கரண்ட் முழுக்க உங்களுடையது. மாப்பிள்ளைக்கு வியாபாரம் தெரியும் என்று பஜாரே நம்பிக்கொண்டிருந்தது.

டாக்டர் உங்கள் பிடியை நடுக்கம் என்று நினைத்து, "பேடிக்கண்டா உம்மா" என்று பயம் தெளியத் தட்டிக்கொடுத்தார். நீங்கள் எரிச்சலோடு இன்னும் இறுக்கினீர்கள். போர்வையின் புடைப்பிலேயே ஒற்றை விரல் பிடி தெரிந்தது, கம்பி வேலை பார்க்க வேண்டிய நேரம் என்று எனக்குப் புரிந்தது. இது பயமில்லை டாக்டர், பேரம். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு நாள், ஆபரேஷன் முடிந்து மறுநாளே நிற்கணும் என்கிறார் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, போர்வைக்குள் இரண்டு விரலால் அழுத்தினார். இரண்டாம் நாள், இதயம் சம்மதித்தால், வாக்கரோடு, இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க என்றார். நீங்கள் தலையசைத்தீர்கள். அடுத்து, தரையில் உட்காரலாமா என்று கேட்டீர்கள். அவர் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொண்டார். தரை கிடையாது, சம்மணம் கிடையாது, முக்காலி கிடையவே கிடையாது. ஆள் மாறி ஆள் தரகர்களை அழவைத்த நீங்கள், அந்த முஷ்டியை ஒரு தடவை பிரிக்கப் பார்த்து விட்டுவிட்டீர்கள்.

"சரி. கை கொடுத்தாச்சு."

அங்கே என்னதான் நடக்கிறது என்று மச்சான் போனில் கேட்டார். வியாபாரம் முடிஞ்சது மச்சான் என்றேன்.

எல்லாம் சுகமாகப் போனது என்று எழுதினால் நீங்களே திருத்துவீர்கள். ரத்தம் ஏற்றினார்கள். காய்ச்சல் வந்து எங்களைக் கலக்கியது. நிற்க வைத்த அன்று வலியில் நீங்கள் பிசியோதெரபி தம்பியின் ஏழு தலைமுறையையும் விசாரித்தீர்கள். ஆனால் நின்றீர்கள். ஒரு பக்கம் சாய்ந்த நடையும் கைத்தடியும் கடைசிவரை போகவில்லை. கடைக்குப் போவதும் நிற்கவில்லை.

கொடுத்த கையையும் நீங்கள் திரும்ப எடுக்கவில்லை. பேரன் கல்யாணத்தில் எல்லாரும் தரையில் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டபோது, ஒரு தடவைதானே என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். நீங்கள் இதே நாற்காலியில் நீதிபதி மாதிரி தனித்தட்டோடு இருந்தீர்கள். தொழுகையும் இதில்தான். கட்டை வைத்து உயர்த்திய பிறகு, ஜன்னலுக்கு முக்காலியும் தேவைப்படவில்லை. எதிர்வீட்டில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட உள்ளே போனதில்லை. போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போனீர்கள். முந்தின நாள் சாயங்காலமும் நடந்துதான் வந்து சாயா கேட்டீர்கள்.

இப்போது நாற்காலி விஷயம். முந்தாநாள் கொங்கணி அக்கா குளியலறையில் விழுந்துவிட்டார். அதே கிண்ணம். ஆபரேஷன் வேண்டாம், வயசாயிப்போச்சில்லே சேட்டா, இனி வேதனைப்படுத்த வேண்டாம் என்று அவர் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டான். எனக்கு மச்சானின் குரல் கேட்டது. நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். எழுந்திருக்கவே முடியாதவருக்கு நாற்காலி எதற்கு என்றாள் மருமகள். எழுந்த பிறகு உட்கார என்றேன்.

உங்களுக்கு டாக்டர் சொன்ன மூன்று வழிகளையும் மகனிடம் சொன்னேன். உன் அம்மாவின் இதயம் எப்படியோ, எனக்குத் தெரியாது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், ஆனால் தள்ளிப்போடப் போட வேலை கடினமாகும், அம்மாவிடம் யாராவது கேட்டீர்களா என்றேன். கேட்டிருக்கவில்லை. அக்கா கண்ணை மூடிக் கிடந்தார். மிளகு வியாபாரியின் மனைவி, துண்டுக்கடிப் பேரம் தெரிந்தவர். தோள் துண்டை எடுத்துக் கட்டில் விளிம்பில் விரித்து, அடியில் என் கையை நீட்டினேன். மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

பிறகு துண்டுக்கடியில் அவர் விரல்கள் தேடி வந்தன. ஒரு விரலைப் பிடித்தார். உங்கள் பிடியேதான் மாமி, நகம் உட்பட.

நாளைக் காலை ஆம்புலன்ஸ் வருகிறது. முஷ்டி மடக்கிய அதே டாக்டரம்மாதான் பார்க்கப் போகிறார். நடுவில் கம்பியாக நானும் போகிறேன். நாற்காலி அங்கேயே இருக்கிறது. அக்கா அதை நம் ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டார். சபீரா திரைத்துணி வாங்கச் சொல்கிறாள். வாங்கப்போவதில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து பார்க்கட்டும். நம் ஃப்ரிட்ஜுக்கு ஒரே கதவுதான்.

கை கொடுத்தாச்சு, மாமி.