ஆண் புறாவின் பால்

பிலிமத்தலாவை
சனிக்கிழமை

அன்பு மனைவி சமந்தாவுக்கு,

மடு மாதா உனக்குத் துணையிருக்கட்டும். நான் சுகம். எவ்லினும் சுகம். பிள்ளையைப் பற்றிய இந்த ஒரு வரியை இப்போதுதான் மனச்சாட்சியோடு எழுத முடிகிறது. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். பக்கத்து வீட்டு ரபீகா அக்காவின் தம்பி பஹீம் நீ இருக்கும் லெஸ்டருக்கு வருகிறார். உனக்குக் கருவாடும் மிளகாய்த்தூளும் கொடுத்தனுப்புகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை.

இங்கே மழை விட்டபாடில்லை. துவைத்த துணி எதுவும் காய்வதில்லை. பால்கனித் தகரத்துக்குக் கீழே உன் புறாக்கள் முட்டையிட்டதைப் படம் பிடித்து அனுப்பினேன் அல்லவா? பொரித்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். பொரித்தது. இரண்டு குஞ்சு. மஞ்சள் மயிரும் பெரிய மூக்கும், அழகென்று சொல்ல முடியாது. நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அது ஒன்று மட்டுமல்ல.

நீ போய் ஒரு மாதத்துக்குள் எவ்லினை மடுல்கெல்லையில் மார்கிரட் அக்காவிடம் விட்டுவிட்டேன். இத்தனை மாதமாகப் பிள்ளை தூங்குகிறாள் என்று நான் சொன்ன நாட்களில் அவள் அங்கேதான் தூங்கினாள். நான் அனுப்பிய வீடியோ எல்லாம் அக்காவின் மூத்த மகள் எடுத்தது. பின்னால் தேயிலைச் செடி தெரிகிறதே என்று ஒருமுறை கேட்டாய். லீவு நாள், அக்காவைப் பார்க்க வந்தோம் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

பிள்ளை எனக்கு ஒரு கரைச்சலும் தரவில்லை. வெட்கம்தான் காரணம். தடுப்பூசி போடக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வாங்குப் பலகை நிறையத் தாய்மார். நான் ஒருவன்தான் மீசையும் தாடியுமாகப் பால் போத்தலைக் குலுக்கிக்கொண்டு நின்றேன். குடும்பநல மாது, அம்மா எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். வெளிநாட்டில் என்றேன். வாங்கில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அடுத்த நாள் கடையில் டைல்ஸ் பெட்டி இறக்கும்போது, கூட வேலை செய்யும் சதீஸ்குமார், எல்லோருக்கும் கேட்கும்படி, “என்னண்ணே, புள்ளைக்குப் பால் குடுத்துட்டுத்தான் வந்தீங்களா?” என்றான். கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதுதான் கேவலம். அந்த ஞாயிறே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். புள்ள வளக்கிறது ஆம்பளைக்கு ஆகிற வேலையா என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா கையை நீட்டி அவளை வாங்கிக்கொண்டார்.

இனிப் புறாக் கதைக்கு வருகிறேன். குஞ்சு பொரித்துச் சில நாளில் தாயைப் பூனை பிடித்துவிட்டது. கீழே சிறகுதான் கிடந்தது. மிஞ்சியது ஆண். கழுத்தை உப்பிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குனுகுமே, அதுதான். மறுநாள் காலையில் பார்த்தால், அது கூட்டில் ஏறி, ஒரு குஞ்சின் மூக்கைப் பாதி முகத்தோடு தன் வாய்க்குள் வைத்து உதறிக்கொண்டிருந்தது. கடுவன் பூனை குட்டியைக் கடிப்பது போல இதுவும் குஞ்சைத் தின்கிறது என்று நினைத்துவிட்டேன். விளக்குமாற்றால் அடித்து விரட்டினேன். திரும்பத் திரும்ப வந்தது. பால்கனிக்கு வலை கட்டினேன். எதிரே கரண்ட் கம்பியில் உட்கார்ந்து, மழையில் நனைந்துகொண்டு கூட்டையே பார்த்தது. திருட்டுப் பயலே என்று அதைத் திட்டினேன்.

பிறகு பெரிய கருணைவான் மாதிரி, எவ்லினின் டின்னில் மிச்சமிருந்த பால்மாவைக் கரைத்து, மருந்து விடும் குழாயால் இரண்டுக்கும் ஊட்டினேன். ஒன்று வயிறு ஊதிச் செத்துப்போனது. மற்றதைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு பேராதனைக்கு மிருக வைத்தியரிடம் ஓடினேன். ஒரு புறாக் குஞ்சுக்கு இந்த ஓட்டமா என்று கேட்காதே. நீ கேட்ட குஞ்சு, அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று தோன்றியது.

அங்கே ஜஹானா என்றொரு டொக்டர். குஞ்சின் தொண்டைக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பறவைக்கு மாட்டுப்பால் செரிக்காது என்றார். புறாவுக்கும் பால் உண்டாம். ஆனால் அது மார்பில் சுரப்பதில்லை. தின்ற தானியம் சேரும் தொண்டைப் பை இருக்கிறதே, அதன் உட்தோல் தடித்து, தயிர்க்கட்டி போல உதிருமாம். குஞ்சு தன் மூக்கைப் பெரிய புறாவின் வாய்க்குள் விட்டு அதைத் தின்னுமாம். பொரித்த புதிதில் வேறெதுவும் அதற்கு ஆகாதாம். எல்லாப் பறவைக்கும் இப்படி இல்லை, புறா மாதிரிச் சிலதுக்குத்தான் என்றார். தாயைப் பூனை பிடித்துவிட்டதே என்றேன். “அதுக்கென்ன? ஆணுக்கும் அதே பால் வரும். இதுட வாப்பா எங்க?” என்று குஞ்சின் தகப்பனைக் கேட்டார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது வரை சுட்டது. விரட்டிவிட்டேன் என்றேன். அவர் ஏதோ மருந்து கரைத்து ஊட்டிவிட்டு, வலையைக் கழற்றிப் பாருங்கள், இன்னும் வரக்கூடும் என்று அனுப்பினார்.

கழற்றினேன். குஞ்சைக் கூட்டில் வைத்தேன். ஆண் புறா அந்தக் கம்பியிலேயே இருந்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும் வரைகூடப் பொறுக்கவில்லை. பறந்து வந்து குஞ்சின் மூக்கை வாய்க்குள் வாங்கிக்கொண்டது. நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஊட்ட வந்ததை அடித்து விரட்டியவன் நான். ஊட்ட வேண்டிய இடத்திலிருந்து தானாக ஓடிப்போனவனும் நான். நீ அங்கே முதியோர் இல்லத்தில் யார் யாருக்கோ கரண்டியால் சோறு ஊட்டுகிறாய். எனக்கோ பெற்ற பிள்ளைக்கு ஊட்ட வெட்கம். சமந்தா, அந்த இடத்தில் என்னால் நிற்க முடியவில்லை.

அன்றே மடுல்கெல்லைக்குப் போனேன். பிள்ளையைக் கேட்டதும் அக்கா அழுதார். வளர்த்தவர், அவருக்கும் நோகும்தானே. எவ்லின் என்னிடம் வரமாட்டேன் என்று அக்காவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வத்தேகம வரை அழுதாள். கண்டியில் இறங்கி ஒரு பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள்.

இப்போது நான் கடைக்குப் போகும் நேரம் ரபீகா அக்கா பார்த்துக்கொள்கிறார். மற்ற நேரமெல்லாம் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நான்தான். சதீஸ்குமார் மறுபடியும் அதே பகிடியைக் கேட்டான். ஆமா, குடுத்துட்டுத்தான் வந்தேன் என்றேன். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள், பிறகு வேலையைப் பார்த்தார்கள். இந்தச் சிரிப்புக்குப் பயந்தா பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன் என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைப் பார்க்க மட்டும் போன் எடு. மாதா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ திடுக்கிடக் கூடாது. மார்கிரட் அக்காவின் பிள்ளைகள் என்னை மாமா என்றுதானே கூப்பிடுவார்கள். எவ்லின் பேசத் தொடங்கியதே அந்த வீட்டில்தான். நான் போத்தலோடு கிட்டப் போனால் இரண்டு கையையும் நீட்டிச் சிரித்துக்கொண்டு “மாமா” என்கிறாள். நீயும் போனில் அதைக் கேட்பாய். தயவுசெய்து அவளைத் திருத்தாதே. அவளாக மாற்றிச் சொல்லும் வரை நான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் லூக்காஸ்