உசிலை நட வேண்டிய இடம்

ஆமத்தூர்
15.11.2006

அன்புள்ள ஸ்ரீமதி,

மதுரை ஹாஸ்டல் சாப்பாடு பழகிவிட்டதா? எல்லோரும் தூங்கியபிறகு சிம்னி வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிவிட்டு உன் அப்பா வளர்க்கும் காட்டில், இருபத்தாறாம் தேதி நீயும் உன் பள்ளிப் பிள்ளைகளும் கன்று நட வருகிறீர்களாமே. முன்பு நட்ட வெள்வேலங்கன்றெல்லாம் என் இடுப்பளவு வந்துவிட்டது. காலையில் நடைபாதையிலேயே மயில் நிற்கிறது.

ஆனால் பாதை இரண்டாவதாகத் திரும்பும் இடத்தில் தோண்ட வேண்டாம். அது வெறும் முள்ளாகக் கிடந்த காலத்தில், தீபாவளி சீசன் முடிந்ததும் உங்கள் பட்டாசுக் கம்பெனியின் கழிவு வெடிமருந்தை அங்கேதான் புதைத்தார்கள். அங்கே வேலை பார்க்கும் என் அப்பாவும் புதைத்தார். பொறி பறந்தால் வெடிக்கும் என்று மருந்து அறைக்குள் ஓர் இரும்பு ஆணிகூடக் கொண்டுபோக விடமாட்டார்கள், உனக்கே தெரியும். நீங்கள் கடப்பாரையோடு வருகிறீர்கள்.

என் அப்பாவிடம் சொன்னேன். “வாயத் தொறந்தேன்னா அம்புட்டுப் பேரும் தெருவுலதான்” என்றார். என் பெயரைச் சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொல்.

பயத்துடன்,
பானுப்பிரியா

மதுரை
19.11.2006

பானு,

உன் பெயரைச் சொல்லாமல் போனில் அப்பாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டார். “கழிவையெல்லாம் அன்னன்னைக்கே எரிச்சிருவோம்ல, எவன் சொன்னது ஒனக்கு?” என்றார். அப்பா என்னிடம் பொய் சொல்லமாட்டார். அந்தத் திருப்பத்தில் முதல் கன்றே என் கையால்தான். உசிலை. நீயும் வா, பயந்தாங்கொள்ளி!

உன் ஸ்ரீமதி

ஆமத்தூர்
21.11.2006

ஸ்ரீமதி,

உன் அப்பா கம்பெனியில் எல்லோரையும் நிற்க வைத்து, சொன்னது யார் என்று விசாரித்திருக்கிறார். பொய் என்றால் எதற்கு விசாரிக்க வேண்டும்? என் அப்பா என்னோடு பேசுவதில்லை. இடத்தை மாற்றியாயிற்று என்று ஒரு வரி போடு. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

பானு

ஆமத்தூர்
27.11.2006

ஸ்ரீமதிக்கு,

பதில் வரவில்லை. அதனால்தான் நேற்று அந்தத் திருப்பத்தில் உன் குழிக்குப் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் போய் உட்கார்ந்தேன். “எந்திரி பானு, எல்லாரும் பாக்காக” என்றாய். “சாமி வந்திருச்சு போல” என்று உன் தோழி ஒருத்தி சிரித்தாள். எழுந்தால் நீ அங்கே கடப்பாரையை இறக்குவாய். எழவில்லை.

கன்று சுமந்துகொண்டிருந்த என் அப்பா வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“அங்கன கடப்பாரை போடாதீக மொதலாளி. நீங்க சொல்லித்தான பொதச்சோம்?”

அவ்வளவு பேர் முன்னால் சொன்னார்.

இன்று அங்கே வேலி போட்டுவிட்டார்கள். பாதையை வேறு பக்கம் திருப்புகிறார்கள். அப்பாவை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கே சாத்தூரில் மாமா வீட்டுக்குப் போகிறோம்.

இரண்டாவது கடிதம் கிடைத்ததா என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். என் அப்பா சொன்ன பிறகும் நீ கடப்பாரையைக் கீழே போடவில்லை. உன் அப்பா ஆமாம் என்று தலையாட்டும்வரை பிடித்துக்கொண்டே நின்றாய்.

சாத்தூர் விலாசத்தை இதில் எழுதவில்லை.

பானுப்பிரியா