கதவு பூட்டு, சராசரிக் கட்டணம்

செவ்வாய்க் குடியிருப்பு, நீர்நிலையம். பதிவு: ஜெசிந்தா.

காலை 08:10
இன்று பில் நாள். பன்னிரண்டு வீட்டு மீட்டரும் சிக்னல் அனுப்பிவிட்டன. சிக்னல் வராத வீட்டுக்கு இயந்திரமே "கதவு பூட்டு" என்று போட்டு, சராசரிக் கட்டணம் அடித்துவிடும். ஊர்ப் பழக்கம், செவ்வாய் வரைக்கும் கூடவே வந்துவிட்டது. கழிவுநீருக்குத் தனி மீட்டர் கிடையாது. எடுத்த தண்ணீரில் பத்துக்கு எட்டுப் பங்கு சாக்கடைக்குத் திரும்பியதாகக் கணக்கு. எட்டாம் வீட்டு வடமலை ரேடியோவில் வந்தார்: "ஏக்கா, என் தக்காளிச் செடி குடிச்ச தண்ணியுமா சாக்கடைக்கு வந்துச்சு? அதுக்கும் காசா?" மாதாமாதம் இதே பாட்டு. இன்று அளந்தே காட்டி அவர் வாயை அடைக்கப் போகிறேன்.

10:40
கழிவுக் குழாய் வந்து முடியும் இடத்தில் மீட்டர் மாட்டினேன். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தேன். வேறு மீட்டர் மாட்டினேன். சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது.

11:05
கழிவுத் தொட்டியைத் திறந்தேன். திரையில் முக்கால் தொட்டி. விளக்கடித்தால் உள்ளே தரை தெரிகிறது. திரையில் ஓடும் எண் அளந்தது இல்லை, என் பில்லின் எட்டுப் பங்குக் கணக்கு. யாரும் எட்டிப் பார்த்ததில்லை, நானும்தான். நல்ல தண்ணீரைப் பனி உருக்கி எடுப்பதால் குறைவதும் தெரியவில்லை.

அப்படியென்றால் இத்தனை வருடம் குளித்த, துவைத்த சுடுதண்ணீர் எங்கே போனது? குழாய் வீடுகளுக்கு அடியிலேயே உடைந்திருக்கிறது. வீடுகள் நிற்பது உறைபனி மேல். பன்னிரண்டாம் வீட்டில் என் கணவர் பெலிக்ஸும் மகள் ரீனாவும் இருக்கிறார்கள்.

11:12
பிரதான வால்வை மூடினேன். எல்லா வீட்டுக்கும் சொன்னேன்: "அடித்தளம் உருகுது. வெளி உடுப்பு மாட்டிட்டு உடனே கிளம்புங்க!"

வடமலை சிரித்தார்: "பில்லைக் கொறைங்கன்னா வீட்டையே காலி பண்ணச் சொல்லுதியளே!" இன்னும் சிலரும் சிரித்தார்கள். திரையில் தொட்டி நிறைந்திருக்கிறதே என்கிறார்கள். அந்த எண்ணை நம்பச் சொன்னவளே நான்தான்.

பெலிக்ஸ்: "தண்ணி நின்னுடுச்சு ஜெசி. பாப்பா தலையெல்லாம் சோப்பு. துடைச்சுட்டுக் கூட்டிட்டு வரேன்."

துடைக்காதே, அப்படியே உடுப்புக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடு என்று கத்தினேன். கேட்டதா தெரியவில்லை.

11:20
தரை அதிர்ந்தது. ஒரே தடவை, நீளமாக. ரேடியோவில் யாரும் இல்லை. ஜன்னலில் செம்புழுதி தவிர ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது. பெலிக்ஸ், ஏதாவது பேசு. திட்டவாவது செய்.

11:24
சிக்னல் அறுந்ததும் இயந்திரம் தானாகப் பில் அடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒன்று: கதவு பூட்டு, சராசரி.
இரண்டு: கதவு பூட்டு, சராசரி.

எட்டும் வந்துவிட்டது. வடமலை அண்ணே.

பத்து. சுவிட்சை அணைத்தேன், நிற்கவில்லை. பதினொன்று. மாதாவே, பன்னிரண்டு வேண்டாம். காகிதத்தைக் கையால் இழுத்துப் பிடித்திருக்கிறேன், என் கையையும் சேர்த்து உள்ளே இழுத்து

பன்னிரண்டு: கதவு